கிட்டாரும் முச்சுரக் கூட்டும்

நமது கலாசாலை விடுதியில் முன்னாளில் ஆர்மோனியமும் புல்லாங்குழலும் வகித்த இடத்தை இந்நாளில் கிட்டார் கைக்கொண்டுவிட்டது என்பதை மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே அறிவர். நாம் வசிக்கும் மாங்காட்டிலும் அஃதே நிலை. மாலையில் குன்றத்தூர்ச் சாலையை விட்டு உள்ளே திரும்பி நடப்போமாயின், காமாட்சியம்மன் கோயில் மணியும் மோட்டார் வண்டிகளின் இரைச்சலும் சற்றே ஓயுந்தோறும், ஏதேனும் ஒரு மாடியறையிலிருந்து கிட்டாரொலி நம் செவியில் விழாமற் போவதில்லை. வாசிப்பவர் பெரும்பாலும் பொறியியலோ வணிகவியலோ பயிலும் இளைஞர். ஆசிரியரிடம் முறையாகக் கற்றவர் சிலரே. கைப்பேசித் திரையைக் குருவாகக் கொண்டவர் பலர். அதனை நாம் இகழவில்லை. குரு கிடையாத ஊரில் திரையேனும் கிடைத்ததே என்று மகிழத்தக்கது. ஆயினும் இவ்விளைஞர் தனித்து வாசிக்குங்கால், அதாவது பாட்டுக்குத் துணையாகத் தாளமிடுவதை விட்டுத் தாமே ஒரு வரிசையைப் படைத்து வாசிக்க முற்படுங்கால், பெரும்பாலும் ஒரே குறை தென்படுகிறது. விரல் வேகமாகச் செல்லுகிறது. எங்கே செல்லுகிறது என்பது வாசிப்பவனுக்கே தெரிவதில்லை.

இக்குறைக்கு மருந்து மேஜர் டிரையட் என்று மேனாட்டார் வழங்கும் முச்சுரக் கூட்டின் வடிவங்களைக் கற்பதே என்பதும், அவற்றை விரலாற் கற்குமுன் வாயாற் கற்கவேண்டும் என்பதும், அதற்கு உகந்த பாடங்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நம் சென்னைப் பட்டினத்தின் அருகிலேயே கிடக்கின்றன என்பதும் நமது அபிப்பிராயம். மூன்றாவதாகச் சொன்னதைப் பற்றியே ஈண்டு அதிகமாகப் பேச விரும்புகிறோம்.

இவ்வபிப்பிராயம் நமக்கு உண்டான விதத்தை முதலிற் சொல்லிவிடுவது நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் காலத்தில் ஓர் ஆராதனைக்குச் சென்றிருந்தோம். பாடகர் குழுவினர் யாவரும் அறிந்த ஒரு கீதத்தைப் பாடிவந்து, இரண்டு அடிகளுக்கு நடுவே கிட்டார் வாசிக்கும் இளைஞனுக்குச் சற்று இடங்கொடுத்து நிறுத்தினர். பியானோ வாசித்த அம்மையார் ஷட்ஜக் கூட்டினின்று மத்திமக் கூட்டுக்கும், அதனின்று பஞ்சமக் கூட்டுக்கும் முறையே மாறிச் சென்றார். இளைஞனோ தான் கற்றிருந்த ஐந்து சுரப் பெட்டி ஒன்றை விட்டு இம்மியும் நகரவில்லை. பெண்டடானிக் என்று அதனைச் சொல்லுகிறார்கள். நம் சங்கீத வழக்கில் அது சுத்த தன்யாசி. பியானோவில் அந்தர காந்தாரம் முழங்க, கிட்டாரில் சாதாரண காந்தாரம் அதனோடு மோதிற்று. அமெரிக்க நீக்ரோ மக்கள் உண்டாக்கிய புளூஸ் இசையில் இம்மோதலே உயிர்நிலையாகும். அங்கே அது துயரத்தின் சுவை. பாலகன் பிறந்த மகிழ்ச்சியைப் பாடும் கீதத்தின் நடுவில் அது பொருந்துமாறில்லை. சபையார் ஒன்றும் சொல்லவில்லை; சிலர் கைகூடத் தட்டினர். இளைஞன் மட்டும் முகம் வாடி இறங்கினான். ஏதோ பிழை என்று அவன் செவிக்குத் தெரிந்தது; எது பிழை என்று தெரியவில்லை. குற்றம் அவனுடையதன்று. அப்பெட்டியை அவனுக்கு முதன்முதற் காட்டி, "இதனை வைத்துக்கொண்டால் எந்தப் பாட்டுக்கும் வாசிக்கலாம், தம்பி" என்று சொன்னவர் நாமே.

நிற்க. முச்சுரக் கூட்டாவது யாது என்பதை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். ஏதேனும் ஒரு சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு, அதற்கு நான்கு அரைச்சுரம் மேலே உள்ள அந்தர காந்தாரத்தையும், அதற்கும் மூன்று அரைச்சுரம் மேலே உள்ள பஞ்சமத்தையும் சேர்ப்பின் மேஜர் முச்சுரக் கூட்டு உண்டாகும். இம்மூன்றன் அதிர்வுகள் 4, 5, 6 என்னும் விகிதத்தில் நிற்பன. மூன்றையும் ஒருங்கே ஒலிப்பித்தால் அது கார்டு. ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பித்தால் ஆர்பெஜியோ. பின்னைய சொல் ஆர்ப்பா என்னும் இத்தாலிய மொழிப் பெயரடியாகப் பிறந்தது. ஆர்ப்பா என்பது நம் பழைய யாழின் இனத்தைச் சேர்ந்த நரம்புக் கருவி. ஆகவே ஆர்பெஜியோ என்பதற்கு யாழ்போல் மீட்டுதல் என்றே பொருள் கொள்ளலாம். யாழைக் கைவிட்டு, பின்பு 1947-இல் விபுலாநந்த அடிகள் யாழ்நூல் இயற்றித் தேடித்தரும் நிலைக்கு ஆளாகிய நமக்கு இச்சொல் சற்று நாணத்தையும் தரவேண்டும்.

கிட்டாரில் இவ்யாழ்நடை இருவகையில் வழங்கும். பாடுவோனுக்குத் துணையாகக் கூட்டின் சுரங்களைத் தந்திதோறும் கிள்ளி வாசிப்பது ஒன்று. 1982-இல் வெளிவந்த பயணங்கள் முடிவதில்லை என்னும் படத்தில் இளையராஜா இசையமைத்த 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். கிட்டார் வாங்கிய ஒவ்வோர் இளைஞனும் அதனை ஒருமுறையேனும் முயன்றிருப்பான். நாம் இங்கே பேசுவது மற்றொரு வகை. துணையின்றி ஒற்றை வரிசையாக வாசிக்கும்போது, அவ்வரிசையினுள்ளேயே கூட்டு மாறுவதைக் கேட்போர் உணரும்படி செய்வது. முன்னது விரலின் ஒழுங்கு. பின்னதற்குச் செவி வேண்டும்.

இதனைக் கற்கச் சொல்லுங்கால் நம் பெரியோர் பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபம் எழுகிறது. "சகப, சகப என்று தாவுவது பரங்கியர் பழக்கம், ராகத்தைக் கெடுத்துவிடும்" என்பர். இவ்வாட்சேபத்தை நாமும் நெடுநாள் நம்பியிருந்தோம். மாங்காட்டில் வீணை கற்பிக்கும் முதிய அம்மையார் ஒருவரிடம் ஒருநாள் இதுபற்றிக் கேட்டபோது, அவர் விடை கூறாமல் தம்பூரைச் சுருதி சேர்த்து மீட்டி, "கேளுங்கோ" என்றார். சற்று நேரம் சென்றபின், மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து நின்றது. சங்கீதக்காரர் இதனைச் சுயம்பு காந்தாரம் என்பர். தந்தி ஒன்று அதிரும்போது அதன் பாதியும், மூன்றிலொரு பங்கும், நான்கிலொரு பங்கும், ஐந்திலொரு பங்கும் உடன் அதிர்கின்றன. அவற்றின் ஒலிகள் முறையே மேல் ஷட்ஜம், பஞ்சமம், அதற்கும் மேல் ஷட்ஜம், காந்தாரம். கிட்டார் வைத்திருப்போர் இதனைத் தாமே சோதித்தறியலாம். தடித்த தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேல் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் மீட்டி, பின்பு ஏழாம் மெட்டு, ஐந்தாம் மெட்டு, நான்காம் மெட்டு என்று வந்தால் இந்நான்கு ஒலிகளும் வரிசையாகக் கேட்கும். நான்காம் மெட்டில் ஒலி மெலிந்திருக்கும், பொறுமை வேண்டும். முச்சுரக் கூட்டு பரங்கியர் கப்பலில் வந்த சரக்கன்று, தந்தியிலேயே உள்ளது என்பதை இவ்வளவால் அறியலாம்.

(மெட்டு என்று நாம் எழுதுவது வீணைக்காரர் வழக்கை ஒட்டியது. பையன்கள் பிரெட் என்பார்கள். பாட்டின் மெட்டோடு மயங்காதிருக்க அதனை வர்ணமெட்டு என்று பழைய பெயராலேயே குறிக்கிறோம்.)

ஆயினும் பெரியோர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டென்பதை மறைத்தலாகாது. சிலப்பதிகாரமும் அதன் உரையும் நரம்புகளின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என நான்காக வகுக்கின்றன. நின்ற நரம்பிற்கு ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. அஃதாவது மேனாட்டார் தம் சங்கீத மாளிகைக்குத் தூணாக நாட்டிய காந்தாரத்தையே நம் முன்னோர் பகை நரம்பு என்றனர். இதனைக் கண்டு நாம் ஒருகால் திடுக்கிட்டதுண்டு. பின்னர் ஐரோப்பியரின் சரித்திரத்தைப் பார்த்தபோது அவர்களும் இடைக்காலத்தில் நெடுங்காலம் காந்தாரத்தை இசையாச் சுரமாகவே எண்ணியிருந்தனர் என்று தெரிந்தது. பஞ்சமத்தின்மேல் பஞ்சமம் அடுக்கிக் கணக்கிட்டுப் பெறும் காந்தாரம் 81-க்கு 64 என்னும் விகிதத்தில் நின்று ஷட்ஜத்தோடு சற்று உரசும். தம்பூரில் தானே எழும் காந்தாரம் 5-க்கு 4 என்னும் விகிதத்தில் நின்று இழையும். கிட்டாரின் மெட்டுக்களில் கிடைக்கும் காந்தாரமோ பின்னதைவிட ஏறக்குறைய 14 சென்ட் உயர்ந்தது. சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூற்றிலொரு பங்கு. ஆகவே தம்பூரோடு பழகிய செவிக்குக் கிட்டாரின் காந்தாரம் சிறிது கூர்மையாகப் படுவதில் வியப்பில்லை. பெரியோர் முகஞ்சுளிப்பது இந்தக் கூர்மையைக் கேட்டே போலும். இதனால் கூட்டைக் கற்கலாகாது என்று ஆகாது. காந்தாரத்தில் கனத்து நெடிது நிற்காமல், தொட்டு அகலத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றே ஆகும்.

இனி நாம் சொல்லவந்த சரித்திரத்திற்கு வருவோம். மாங்காட்டிற்கு அண்மையிலுள்ள பூந்தமல்லி, கும்பினியார் நாளிலும் அதன் பின்னும் ஐரோப்பியப் படைவீரர் தங்கிய கண்டோன்மெண்டாக இருந்த ஊர்; அப்பெயர் இன்றும் மறையவில்லை. படையிருந்த இடத்தில் ஊதுகொம்பு இருந்திருக்கும். பியூகிள் என்னும் அக்கொம்பில் துளையுமில்லை, திறப்புமில்லை. ஊதுவோன் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் பெறும் சுரங்கள் கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்பனவே. உறங்கு, எழு, உண்ண வா என்று சிப்பாய்க்குச் சொல்லும் ஓசைகளெல்லாம் மேஜர் முச்சுரக் கூட்டின் யாழ்நடையேயன்றி வேறல்ல. கிட்டாரைக் கண்ணாலும் காணாத நம் பாட்டன்மார் காலத்திலேயே இவ்வூர்ப் பக்கத்து வயல்களில் சகப ஒலித்திருக்கவேண்டும் என்று நாம் எண்ணுவதுண்டு.

பட்டினத்துக்கு வடக்கே மணலியில் நடந்தது இன்னும் சிறப்புடையது. கும்பினியாரிடம் துவிபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில், ராமசுவாமி தீக்ஷிதர் திருவாரூரை விட்டுத் தம் மக்களோடு அங்கே வந்து தங்கினார். முதலியார் அப்பிள்ளைகளைச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச்சென்று ஐரோப்பியரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்பித்தார். இளையவராகிய பாலுசுவாமி தீக்ஷிதர் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று அதனைக் கர்நாடக சங்கீதத்திற் சேர்த்த முன்னோடிகளுள் ஒருவரானார். மூத்தவராகிய முத்துசுவாமி தீக்ஷிதர் தாம் கேட்ட வர்ணமெட்டுக்களுக்கு வடமொழியில் சாகித்தியம் புனைந்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று வழங்கும் அவை நாற்பதுக்குச் சற்றுக் குறைந்தவை. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. 'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கில அரசர் வாழ்த்தின் வர்ணமெட்டு. 'சியாமளே மீனாக்ஷி' என்பது இந்நாளில் பாலர் வகுப்புக் குழந்தைகள் விண்மீனைப் பாடும் வர்ணமெட்டு. பிரெஞ்சு நாட்டினின்று புறப்பட்ட அதன்மேல் மொசார்ட் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதியிருக்கிறார்.

தீக்ஷிதர் செய்ததன் நுட்பம் யாது? பாண்டு வாத்தியத்தில் பல கருவிகள் சேர்ந்து கூட்டை முழக்கின. தீக்ஷிதர் கூட்டை விட்டுவிட்டு ஒற்றை வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆயினும் கூட்டு போய்விடவில்லை. வரிசையின் உள்ளே ஒளிந்து நிற்கிறது. சியாமளே மீனாக்ஷியையே பாடிப் பாருங்கள். ஷட்ஜத்தினின்று நேரே பஞ்சமத்திற்குத் தாவும்போது ஷட்ஜக் கூட்டு தெரிகிறது. அப்பால் தைவதத்திற்கு ஏறியவுடன் உள்ளத்திற்குள்ளே ஏதோ ஒரு தரை மாறுகிறது. அது மத்திமக் கூட்டு. மறுபடி பஞ்சமத்திற்கு இறங்கியதும் பழைய தரைக்கு மீள்கிறோம். முடிவில் ரிஷபத்தில் நிற்கும்போது பஞ்சமக் கூட்டின்மேல் நின்று, ஷட்ஜத்தில் வீடு சேர்கிறோம். பியானோ இல்லை, துணைக் கிட்டார் இல்லை. ஒரு குழந்தை தனியே பாடினாலும் இவ்வளவும் கேட்கின்றது. தனித்து வாசிக்கும் கிட்டார்காரன் கற்கவேண்டிய வித்தை இதுவே. இவற்றைச் சுப்பராம தீக்ஷிதர் 1905-இல் வெளியிட்ட பிரதமாப்பியாச புஸ்தகத்தில் தொடக்க மாணவர்க்குப் பாடமாகச் சேர்த்ததும் கருதத்தக்கது. அதற்கு முன்பே, 1893-இல், கிறிஸ்தவராகிய ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறியில் அச்சிட்டு உலகுக்குக் காட்டத் தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டார். இரு சங்கீதங்களுக்கும் நடுவே நம்மவர் வழி அமைத்திருக்க, அவ்வழியை அறியாமல் நாம் திரையில் தோன்றும் அயல்நாட்டு இளைஞனின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வடிவங்களைப் பற்றி இனிச் சொல்லுவோம். கிட்டாரின் ஆறு தந்திகளில் அடுத்தடுத்தவற்றுக்கு இடையே ஐந்து அரைச்சுரம், அதாவது ஷட்ஜ மத்திம இடைவெளி, வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாந் தந்திக்கும் இரண்டாந் தந்திக்கும் நடுவே மட்டும் நான்கே அரைச்சுரம். இவ்வொரு விலக்கினால் ஒரே கூட்டு தந்திகளின் தொகுதிக்குத் தக்கபடி வெவ்வேறு உருக்கொள்ளுகிறது. சி, ஏ, ஜி, ஈ, டி என்னும் ஐந்து கார்டுகளின் பெயரால் ஐந்து வடிவங்களை வகுத்து, ஆறு தந்திகளிலும் மேலும் கீழும் ஓட்டிப் பழகும்படி திரைக்குருமார் சொல்லுகின்றனர். மாணவன் மூன்று மாதம் இதனைச் செய்து, ஐந்து வடிவங்களையும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறான். பின்பு ஒரு பாட்டைக் கொடுத்து, "இதன் மூன்றாம் அளவில் எந்தக் கூட்டு?" என்று கேட்டால் விழிக்கிறான். வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்து கடைக்கணக்குப் போடத் தெரியாத பிள்ளையை இது ஒக்கும்.

எமது யோசனை வேறு. மாங்காட்டு அம்மன் ஒற்றைக்காலில் ஓரிடத்தில் நின்று தவம் புரிந்ததாகத் தலபுராணம் கூறும்; அதுபோல மாணவனும் சில நாள் ஓரிடத்தில் நிற்கக் கற்கட்டும். மெல்லிய தந்திகள் மூன்று, மெட்டுக்கள் நான்கு, இவை போதும். சி என்பதை ஷட்ஜமாகக் கொள்வோம். மூன்றாந் தந்தியின் ஐந்தாம் மெட்டு ஷட்ஜம், இரண்டாந் தந்தியின் ஐந்தாம் மெட்டு காந்தாரம், முதல் தந்தியின் மூன்றாம் மெட்டு பஞ்சமம்: இது சகப. அடுத்து, மூன்றாந் தந்தியில் அதே ஐந்தாம் மெட்டை விடாமல், இரண்டாந் தந்தியில் ஆறாம் மெட்டும் முதல் தந்தியில் ஐந்தாம் மெட்டும் எடுப்பின் சமத. இது மத்திமக் கூட்டு. பின்பு மூன்றாந் தந்தியில் நான்காம் மெட்டும் மற்றை இரண்டிலும் மூன்றாம் மெட்டும் எடுப்பின் நிரிப; இது பஞ்சமக் கூட்டு. கை நகரவில்லை. மூன்றாம் மெட்டுக்கும் ஆறாம் மெட்டுக்கும் நடுவே சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மூன்று கூட்டுக்களாகப் பகுத்து வைக்கப்பட்டுள்ளன. ஷட்ஜம் நிற்கக் காந்தாரம் அரைச்சுரம் ஏறி மத்திமமாவதையும், பஞ்சமம் நிற்க ஷட்ஜம் அரைச்சுரம் இறங்கி நிஷாதமாவதையும் விரல் அப்போதுதான் உணரும். சகப, சமத, நிரிப, சகப என்று வாயாற் பாடிக்கொண்டே இதனைச் செய்யவேண்டும். வாய் முன்னே செல்ல விரல் பின்னே வரவேண்டும். இவ்வளவு கைவந்த பின் மற்றை வடிவங்களுக்குச் செல்லலாம், அவசரமில்லை.

இளைஞர் பக்கத்து ஆட்சேபம் ஒன்றுண்டு: "இவ்வாறு கணக்குப் பார்த்து வாசித்தால் உணர்ச்சி போய்விடும், ஐயா" என்பர். அவர்கள் போற்றும் உதாரணத்தாலேயே விடையளிப்போம். கலாசாலை விழாக்களில் கிட்டார் எடுத்த குழுவினர் தவறாது வாசிக்க விரும்புவது, ஈகிள்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவினர் 1976-இல் வெளியிட்ட ஹோட்டல் கலிபோர்னியா. அதன் இறுதியில் இரண்டு கிட்டார்கள் சேர்ந்து இறங்கி இறங்கி வரும் பகுதியைக் கேட்டு மயங்காதார் யார்? அப்பகுதி முழுவதும் கீழே செல்லும் கூட்டுக்களின் யாழ்நடையே. வரிசையில் வரும் எட்டுக் கூட்டுக்களில் ஆறு மேஜர், இரண்டே மைனர். அதற்கும் நெடுநாள் முன்பு, 1939-இல் பென்னி குட்மனின் குழுவிற் சேர்ந்து, 1942-இல் இருபத்தைந்து வயதிலேயே காலமான சார்லி கிறிஸ்தியன், கார்டின் வடிவங்களையே ஆதாரமாகக் கொண்டு ஒற்றை வரிசையை நெய்து, மின்கிட்டாரைத் தனி வாத்தியமாக நிலைநிறுத்தினார். இவர்களிடம் உணர்ச்சி குறைந்ததாக எவரும் சொல்லக் கேட்டிலோம்.

ஆனால் முச்சுரக் கூட்டை மட்டுமே வாசிப்போன் பியூகிள் ஊதும் சிப்பாயாகவே முடிவான் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். கூட்டின் சுரங்கள் நின்று இளைப்பாறும் திண்ணைகள். நடுவிலுள்ள வழியை மற்றைச் சுரங்களால் நடக்கவேண்டும். கூட்டு மாறும் கணத்தில் புதிய கூட்டின் காந்தாரத்தில், அஃதாவது அக்கூட்டின் நடுச் சுரத்தில், வந்து சேர்வது நம் செவிக்கு எல்லாவற்றினும் இனிதாகப் படுகிறது. மத்திமக் கூட்டானால் தைவதம். பஞ்சமக் கூட்டானால் நிஷாதம். இஃது எமது சொந்த ருசி, மறுப்போரும் இருக்கலாம். கமகத்தைப் பற்றியும் கேட்பர். கூட்டின் சுரங்களில் நம்மவர் கமகத்தைச் சேர்த்தால் எவ்வாறிருக்கும் என்பது தனியே எழுதவேண்டிய பெரிய விஷயம். நோட்டுஸ்வரங்களை மட்டும் கமகமின்றி நேராகப் பாடுவதே சம்பிரதாயம்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப்பின் நாம் அவ்விளைஞனை அழைத்து, தவறு எம்முடையதென்று சொல்லி, புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டோம். அவன் தன் தோழன் ஒருவனையும் உடனழைத்து வந்தான். முதல் வாரம் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவேண்டாமென்று சொல்லிச் சுருதிப் பெட்டியோடு சகப, சமத, நிரிப பாடச் செய்தோம். தோழன் நான்காம் நாள் வரவில்லை. பாட்டுக் கற்க வரவில்லை, கிட்டார் கற்கவே வந்தோம் என்று சொல்லியனுப்பினான். அவன்மேல் எமக்கு வருத்தமில்லை. இவன் நின்றான். இரண்டாம் வாரம் சியாமளே மீனாக்ஷியின் சுரங்களை எழுதிக் கொடுத்தபோது, பாதி வாசித்துவிட்டு நிமிர்ந்து, "ஐயா, இது எல்.கே.ஜி. பாட்டல்லவா?" என்று சிரித்தான். ஆம் என்றோம். அதன் கீழே எங்கெங்கே கூட்டு மாறுகிறதென்று குறித்து வரும்படி சொன்னோம். மறுநாள் குறித்து வந்தான். ஓரிடம் நீங்கலாக எல்லாம் சரி. அந்த ஓரிடத்திலும் அவன் குறித்தது பிழையென்று சொல்லமுடியாது. இரண்டு கூட்டும் அங்கே பொருந்தும். எமக்கு அது அதுவரையில் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு அதே கீதத்தின் நடுவே அவனுக்கு எட்டு அளவுகள் கிடைத்தன. பெரும்பகுதியும் மூன்று தந்திகளிலேயே வாசித்தான். வேகமில்லை. ஐந்தாம் அளவில் ஒரு சுரம் தவறிற்று. ஆறாம் அளவில் தைவதத்தில் வந்து சரியாக நின்றபோது பியானோ வாசித்த அம்மையார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கைதட்டல் முன்னாண்டைவிடக் குறைவுதான்.

நமது கலாசாலைச் சங்கீத சங்கத்தார் இதனைப் படிப்பார்களாயின் ஒரு வேண்டுகோள். கிட்டார் வைத்திருக்கும் மாணவர் சங்கத்தில் பதினைவர்க்குக் குறையாமல் இருக்கின்றனர். வாரத்துக்கு ஒரு நோட்டுஸ்வரமாக எடுத்து, முதல் அரைமணி வாயாற் பாடவும், பின் அரைமணி மெல்லிய மூன்று தந்திகளில் கூட்டுக்களைத் தேடவும் ஏற்பாடு செய்தால் ஓராண்டுக்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் முடித்துவிடலாம். கீர்த்தனை பாடும் மாணவியரும் வந்தமர்வது நலம். அவர்களுக்குக் கூட்டு தெரியாது, இவர்களுக்குச் சுரம் தெரியாது. மின்சாரச் சுருதிப் பெட்டி வேண்டா. அதில் சுயம்பு காந்தாரம் தெளிவாக எழுவதில்லை. சங்கத்தின் அறையில், புத்தக அலமாரிக்குப் பின்னால், ஒரு தம்பூர் நெடுநாளாகத் தந்தியறுந்து சாய்ந்து நிற்கிறது. நான்கு தந்திகளும் சிறிது பட்டுநூலும் வாங்கும் செலவை நாம் ஏற்றுக்கொள்ளுகிறோம்.